வெளிச்சம் போதவில்லை என்றார் சேவியர் அண்ணன்

சேவியர் அண்ணனின் மகள் ரெஜினா அழைத்தபோது தி.நகர் மைதானத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். "அப்பா காலைல போய்ட்டாரு அங்கிள்" என்றாள். அந்த ஓவரில் மிச்சமிருந்த மூன்று பந்துகளையும் எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். அதையும் லீக் நண்பர்களான உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

சாந்தோம் கடற்கரைக் குடும்பம். உடன்பிறந்தவர்கள் கடலுக்குப் போக, இவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர்; ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் கிரிக்கெட்டின் நடுவர். விரலைத் தூக்கிவிட்டால் எந்தக் கேப்டன் வந்து நின்றாலும் இறக்க மாட்டார். "கண்ணு பாத்தத கை சொல்லுது. வாய்க்கு இதுல வேலை இல்ல" என்பார்.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு கோடைப் பிற்பகல் மூன்று மணிக்கு, வெளிச்சம் போதவில்லை என்று ஆட்டத்தை நிறுத்தினார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இரண்டு அணிகளும் சிரித்தன. அடுத்த வாரம், மட்டையில் நன்றாகப் பட்ட பந்துக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்தார். தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து, கண்ணுக்குள் ஏதோ மினுமினுவென்று ஓடுகிறது, ஓரத்தில் நிற்பவர்கள் தெரியவில்லை என்றார். கண்ணாடியை மாற்றுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு என் நோட்டுக்குத் திரும்பிவிட்டேன். அன்று வெளியே வரும்போது எல்லைக்கோட்டுக் கயிறு தடுக்கி விழுந்தார்.

மறுநாள் நடுவர் சங்கத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. தவறான தீர்ப்புகளின் பட்டியலோடு, குடித்துவிட்டு நிற்கிறாரோ என்று சந்தேகம் என ஒரு வரியும் இருந்தது. அவரை நீக்கினார்கள். அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்.

இரண்டே மாதத்தில் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிற்று. புரை இல்லை, கண்ணழுத்தம் இல்லை. குழம்பிய கண் மருத்துவர் விழித்திரையைச் சோதித்து, ரத்தம் எடுத்து, கடைசியில் நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நுரையீரலில் சிறிய புற்றுக்கட்டி. அதை எதிர்க்க உடம்பு கிளப்பிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் விழித்திரையையும் தாக்கியிருக்கிறது என்று ரெஜினாவுக்கு விளக்கினார்கள். கண் காட்டிக்கொடுத்ததால் நோய் பரவுமுன் அகப்பட்டது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. பார்வை திரும்பவில்லை. ஆனால் ஒரு வருடம்தான் இருப்பார் என்று மனதைத் தயார்செய்திருந்த குடும்பத்துக்கு அவர் நான்கு வருடம் கிடைத்தார்.

அந்த நான்கு வருடமும் ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டுக்குப் போய், அன்றைய ஆட்டத்தைப் பந்து பந்தாகச் சொன்னேன். என்ன விசுவாசம் என்று நீங்கள் என்னைப் பாராட்டினீர்கள். நான் மறுக்கவில்லை.

போன மாதம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கையைக் காட்டி நிறுத்தினார்.

"மணி, அந்த லெட்டர் யார் எழுதினதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"தப்பாத்தான் குடுத்துக்கினு இருந்தேன். அத எழுதினது சரிதான். ஆனா, குடிச்சிக்கினு நிக்கிறான்னு எழுதறதுக்கு முன்னாடி, கிட்ட வந்து இன்னா ஆச்சுண்ணேன்னு ஒருத்தன் கேட்டிருக்கலாம்ல."

பிறகு, ஆட்டத்தை மேலே சொல்லச் சொன்னார். சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடக்கம் முடிந்த மறுநாள் ரெஜினாவிடம் உண்மையைச் சொன்னேன். "அவர்கிட்ட சொல்லியிருக்கணும் அங்கிள்" என்றாள், அவ்வளவுதான்.

அவரை அறிந்த உங்களுக்கும் இன்று சொல்லிவிட்டேன். "கேட்டிருக்கலாம்ல" என்ற அந்தக் குரல்தான் எனக்கு அவர் விட்டுப்போனது. இனி எத்தனை பேரிடம் நான்தான் என்று சொன்னாலும், சொல்ல வேண்டியவர் இல்லை.