அகில் எண்ணெய்க்கு நாலு மார்க்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில், பத்து காஜாவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் நடந்தது இது.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. அம்மா காலையில் வீட்டு வாசலில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு விற்பவர். ஒருநாள் புளித்துப்போன தேங்காய்ப்பாலில் சோறு ஆக்கிவிட்டார். முதல் பொட்டலத்தைப் பிரித்த பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. அன்றே அம்மா கடை மேசையை மடக்கி உள்ளே வைத்துவிட்டார். இனி எதை நம்பி விற்பது என்று மட்டும் கேட்டார்.

நான்கு வாசனைகளைத் தினமும் இரண்டு வேளை முகர்ந்து பழகினால் மெல்லத் திரும்பலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். இப்படி ஒரு வேலை கிடைத்தால் விடுவேனா? ஈப்போவில் ஓர் அத்தர் கடைக்குப் போனேன். மலாய்க்காரர்கள் தொழுகைக்குப் பூசும் அத்தர், சீனர்கள் சாமி மேடைக்கு வாங்கும் சந்தனத்தூள், நம்மவர்களின் சாம்பிராணி எல்லாம் அங்கே ஒரே அலமாரியில் இருந்தன. ரோஜா, சந்தனம், கிராம்பு, இங்கே காஹாரு என்று சொல்லும் அகில் என நான்கு எண்ணெய்கள் வாங்கினேன். புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். தேதி, காலை, மாலை, பூஜ்யம் முதல் ஐந்து வரை மார்க் என்று அட்டவணை போட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். ஒரு வாரம் தொடர்ந்து நாலு வந்தால் மறுபடி கடை போடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மூன்று வாரம் வெறும் பூஜ்யம். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. வரைபடம் போட்டு வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாதிரிகளுக்கு நடுவே எதுவுமே இல்லாத ஒன்றையும் வைப்போம். அதிலும் ஏதாவது தெரிந்தால் அளக்கும் விதத்தில் கோளாறு என்று பொருள். ஒரு சனிக்கிழமை மாலை, அகில் புட்டியைப் போன்ற வேறொரு புட்டியில் வாசனையில்லாத எண்ணெயை ஊற்றி அம்மாவிடம் நீட்டினேன். சந்தேகப்பட்டு அல்ல. பழக்கம், அவ்வளவுதான்.

அம்மா கண்ணை மூடி முகர்ந்தார். "நாலு போட்டுக்கோ. இன்னிக்கு நல்லா வருது."

"அதுல ஒண்ணும் இல்லம்மா. வெறும் எண்ணெய்."

அம்மா மூடியைத் திருகி மூடினார்.

"பூஜ்யம்னா நீ சரியா சாப்பிட மாட்ற. நாலுன்னா பாட்டு பாடிக்கிட்டு பாத்திரம் கழுவுற. நான் வேற என்னா சொல்றது லா? கடை போடுற அன்னிக்கு உண்மைய சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. பெற்றவளுக்கே பொறி வைத்துப் பிடித்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. பேனாவைத் தூர வைத்துவிட்டு, உண்மையில் என்னதான் தெரிகிறது என்று கேட்டேன். ரோஜாவும் சந்தனமும் ஒன்றுமில்லை. கிராம்பு மூக்கில் குத்துகிறது, மணம் இல்லை. அகிலுக்கு வந்ததும் தயங்கினார்.

"ரெண்டு வாரமா ஒட்டுப்பால் நாத்தம் அடிக்குது. இவ்ளோ விலை குடுத்து வாங்கியாந்திருக்க, நாறுதுன்னு எப்படி சொல்றது? இன்னிக்கு அது இல்ல, அதான் நல்லா வருதுன்னேன்."

ரப்பர் மரத்திலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் பால்தான் ஒட்டுப்பால். மூட்டையில் சேர்ந்தால் தெருவே நாறும். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்த அம்மா, பள்ளி விட்டு வந்ததும் அதைப் பிய்த்துச் சேர்த்தவர்.

அசல் அகில் புட்டியைத் திறந்து நானே முகர்ந்தேன். இத்தனை வாரத்தில் லேபிள் ஒட்டினேனே தவிர, ஒருமுறைகூட முகர்ந்து பார்த்ததில்லை. குமட்டியது. மாட்டுக் கொட்டகையும் பழைய தோலும் கலந்த நாற்றம். வெகுநேரம் பொறுத்த பிறகுதான் அதன் அடியிலிருந்து இனிப்பாக ஒன்று எழுந்தது. எதுவும் இல்லாத புட்டியைக்கூட அம்மாவின் மூக்கு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. என் அட்டவணையில்தான் அதைச் சொல்ல இடமில்லை.

மறுவாரம் அம்மாவையும் அந்தக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்கார அண்ணன் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அசல் காஹாரு அப்படித்தான் அக்கா. மொதல்ல நாறும், அப்புறம்தான் மணக்கும். ஒங்க மூக்கு கரெக்டா சொல்லுது லா."

அம்மா அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாற்றம் தெரிந்ததற்காக ஒருவர் மகிழ்ந்து அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலை. அம்மா, சட்டியில் ஊற்றப் போன தேங்காய்ப்பாலை முகர்ந்துவிட்டு, "இது வேணாம், கொட்டிரு" என்றார். நானும் முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேள்வி கேட்காமல் கொட்டினேன்.

இப்போதெல்லாம் யாரிடமாவது "எப்படி இருக்கிறது?" என்று விசாரிப்பதற்கு முன்னால், நல்ல பதிலை எதிர்பார்த்து நிற்கும் என் முகத்தை முதலில் சரிசெய்துகொள்கிறேன்.