டெரி வாங்கி வைத்த ரவுண்டு

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது நடந்தது. ஷெஃபீல்டில், ஒரு நவம்பர் மாத வெள்ளிக்கிழமை, கீத் இபட்சனுக்கு நடந்தது. கீத் கதை கட்டத் தெரிந்த ஆள் இல்லை. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவே அவனுக்கு உள்ளே கொஞ்சம் பீர் போயிருக்க வேண்டும்.

கீத், ட்ரெவர், நைஜல் மூவரும் எஃகு ஆலையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்போது நாலாவதாக டெரி இருந்தான். வெள்ளிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் மேட்டுத் தெருவின் உச்சியிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரு பப் பாக்கி விடமாட்டார்கள். தோல் கோட்டும் கனமான பூட்ஸுமாக டெரிதான் எப்போதும் முன்னால் ஓடுவான். மற்ற மூவரும் மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளும்போது, நாலு கிளாஸ் பீர் நுரையோடு மேஜையில் காத்திருக்கும்.

இருபத்துமூன்று வயதில், மலைப்பாதை வளைவு ஒன்றில், மோட்டார் சைக்கிளோடு டெரி போய்ச் சேர்ந்தான். டோரீனை அவன் கட்டிக்கொள்வதாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவளைக் கீத் கட்டிக்கொண்டான்.

கட்டிக்கொண்டான், அவ்வளவுதான். டோரீன் நல்லவள். வேளைக்குச் சமைத்தாள். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் சிரிக்கவில்லை. டெரி வாயைத் திறந்தாலே மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்த பெண், கீத் எதைச் சொன்னாலும் மரியாதைக்கு உதட்டை லேசாக விரித்து வைப்பாள். முப்பத்தெட்டு வருடமாக அந்த ஒரு சிரிப்புக்காகக் கீத் ஏங்கிக் கிடந்தான்.

செத்தவன் மேல் பொறாமைப்படுவது பெரிய கொடுமை. உயிரோடு இருப்பவனுக்காவது ஒருநாள் தொப்பை விழும், முடி கொட்டும். டெரிக்கு இன்னும் இருபத்துமூன்று வயதுதான்.

வெள்ளிக்கிழமைக் குடி மட்டும் நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், மூவரும் வாராவாரம் ஒரே கடையில் கூடினார்கள். அந்த வெள்ளிக்கிழமை நைஜல் ஆரம்பித்தான்.

"டெரி போயி நாப்பது வருஷம் ஆச்சுடா. பழைய பாதையில ஒரு தடவ போயிட்டு வருவோம்."

கீத்துக்கு வயிறு எரிந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கூடவே போனான்.

மாலை ஆறு மணி. தூறல். முதல் கடை 'பழைய ஏர்'.

மூலை மேஜையில் நாலு கிளாஸ் இருந்தது. நுரை இன்னும் அடங்கவில்லை.

"உங்களுக்குத்தான், கண்ணு," என்றாள் பீர் ஊற்றும் பெண். அவளுக்கு எழுபது வயதுக் கிழவரும் கண்ணுதான். "உங்க கூட்டாளி இப்பத்தான் வாங்கி வெச்சிட்டுப் போறாரு."

"யாரு?"

"தோல் கோட்டு போட்ட பையன். தொப்பலா நனைஞ்சிருந்தான்."

ட்ரெவர் நைஜலைப் பார்த்துச் சிரித்தான். "உன் வேலைதானே?"

"போடா. உன் வேலை."

ஒருவன் விளையாட்டு என்று மற்றவன் நினைத்தான். உட்கார்ந்து குடித்தார்கள். நாலாவது கிளாஸை யாரும் தொடவில்லை.

"கடைசி பஸ்ஸுல உயிரோட ஒரு வாத்தக் கொண்டாந்து, அதுக்கு டிக்கெட் கேட்டானே டெரி, ஞாபகமிருக்கா?" என்றான் ட்ரெவர்.

"டோரீன் சிரிச்ச சிரிப்புல சீட்டுல இருந்து கீழ விழுந்துட்டா," என்றான் நைஜல். "ஏன்டா கீத், இப்பவும் அப்படித்தான் சிரிக்குதா?"

"ம்," என்றான் கீத்.

கிளம்பும்போது அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நாலாவது கிளாஸ் காலியாக இருந்தது.

இரண்டாவது கடை 'வெள்ளைக் கலைமான்'. அங்கேயும் நாலு கிளாஸ். அதே தோல் கோட்டுப் பையன் வாங்கி வைத்ததாம். கீத் ஒரு வாய் குடித்தான். நாக்கு அந்த ருசியை அடையாளம் கண்டுகொண்டது. இளமையில் அவர்கள் குடித்த பீர். அதைக் காய்ச்சிய ஆலையை இடித்து அடுக்குமாடி கட்டியே வெகுகாலமாகிவிட்டது.

ட்ரெவரும் நைஜலும் இப்போது சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பயம். கீத்துக்குப் பயம் இல்லை, ஆத்திரம். செத்த பிறகுமா நீ முந்திக்கொள்வாய்?

மூன்றாவது கடை 'ஊமை மணி'. இந்த முறை நானே முதலில் நுழைவேன் என்று கீத் ஓடினான். அறுபத்துமூன்று வயதில், மழையில், கல் பாவிய இறக்கத்தில் ஓடினான். தெருவில் வேறு யாரும் இல்லை.

ஆனால் முன்னால் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

கனமான பூட்ஸ். இவன் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது.

அவன் போய்ச் சேர்ந்தபோது கடையின் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே நாலு கிளாஸ். நாலாவதில் பாதி பீர்தான் இருந்தது. அதன் எதிரே இருந்த நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பின்னால் வந்த நைஜலின் முகம் வெளுத்துவிட்டது. "அடுத்தது உன் முறைடா, கீத். நீ எல்லாருக்கும் ஒரு ரவுண்டு வாங்கிடு. இதோட முடிச்சிக்குவோம்."

கீத் தன் கிளாஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தான். "அவனுக்கு நான் எதுக்குடா வாங்கணும்? என் வாழ்க்கையில பாதிய அவனே குடிச்சிட்டான்."

"டேய், குடிச்சிட்டு வாங்காம எந்திரிக்கிறியா?"

அந்த ஊரில் ஒருவனை அடித்துவிட்டுக்கூட மன்னிப்புக் கேட்டுவிடலாம். நாலு பேர் வாங்கியதைக் குடித்துவிட்டுத் தன் ரவுண்டை வாங்காமல் போகிறவனுக்கு மன்னிப்பே கிடையாது. கீத் அதுவரை அப்படிச் செய்ததில்லை. முறை வைத்து வாங்கிக் குடித்து, பதினொன்றுக்குக் கடை மூடும் மணி அடித்த பிறகுதான் எந்த வெள்ளிக்கிழமையும் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

அன்றைக்கு மட்டும் நடுவில் எழுந்து போனான்.

ஒன்பது பத்துக்கு வீட்டு வாசல். மாடியில் விளக்கு எரிந்தது.

சாவியை எடுத்தான். அப்போது கேட்டது...

சிரிப்பு.

டோரீனின் சிரிப்பு. எதையோ தட்டித் தட்டி, மூச்சுத் திணறத் திணற.

கீத் மழையில் அப்படியே நின்றான். இருபது வயதில் கேட்டது. மறக்கவில்லை.

கதவைத் திறந்தான். சிரிப்பு சட்டென்று நின்றது.

படிக்கட்டில் ஈரமான பூட்ஸ் தடம். மேலே ஏறியிருந்தது. இறங்கிய தடம் இல்லை.

மாடிப்படி உச்சியில் டோரீன் நின்றாள். முடியை அவிழ்த்து விட்டிருந்தாள். உதட்டில் சிவப்புச் சாயம்.

"என்ன... இவ்வளவு சீக்கிரமா வந்துட்டே?"

"மேல யாரு?"

"யாருமில்ல. ரேடியோ."

மாடியில் ரேடியோ கிடையாது. அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், எங்கும் ஆள் இல்லை. ஜன்னல் உள்பக்கம் தாழிட்டிருந்தது.

நனைந்த தோலின் வாடை மட்டும் இருந்தது.

டோரீன் பயந்திருந்தால் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பான். அவள் பயப்படவில்லை. பேச்சை நடுவில் கலைத்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

மறுநாள் ட்ரெவரும் நைஜலும் தங்கள் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். எதையும் அவர்கள் வாங்கி வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை. குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கக் கீத் வெளியே வந்தான். அடுத்த வீட்டு ஆக்டன் அம்மாவும் தன் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"வெள்ளிக்கிழமை டோரீனுக்கு உடம்புக்கு ஏதாச்சுமா, கண்ணு? சிரிப்புச் சத்தம் பாதியிலேயே நின்னு போச்சே."

"எந்தச் சிரிப்பு?"

"உங்க ரெண்டு பேர் சிரிப்புதான். காகிதம் மாதிரி சுவரு, எல்லாம் கேக்குது. நாங்க இங்க குடிவந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. வெள்ளிக்கிழமை ஏழு மணி ஆனா உங்க வீட்டுல ஆரம்பிச்சிடும், பதினொன்னுக்குத்தான் அடங்கும். ஒரு வாரம் தவறினதில்ல. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லிக் காட்டுவேன், புருஷன்னா கீத் மாதிரி இருக்கணும்னு."

கீத் தொட்டியைப் பிடித்துக்கொண்டான். பயம் அப்புறம்தான் வந்தது என்று என்னிடம் சொன்னான். முதலில் வந்தது வேறு. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"டோரீன்... நல்லா சிரிப்பாளா?"

"நல்லாவா? நீங்க விடாம என்னத்தையோ சொல்லச் சொல்ல, போதும் நிறுத்துன்னு கெஞ்சிக் கெஞ்சிச் சிரிப்பா."