வலிக்காத கால்

செருப்பு தைக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கடிக்கிறதா? மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி வலப்பக்கம் இருக்கும் பட்டறையில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அங்கே வருகிறவர்கள் சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்கள். கண்ணாடித் துண்டை மிதித்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. கால்தான் அவர்களிடம் பொய் சொல்கிறது. அதனால் அங்கே வாயைக் கேட்பதில்லை, கையைத்தான் கேட்பார்கள். செருப்பு முடிந்ததும் உள்ளே கையை விட்டு, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பட்டறை அவளுடையது. மருத்துவமனை முழுக்க அவளுக்குச் செருப்பக்கா என்று பெயர். புதிதாகக் கேட்கிறவர்கள், ஏதோ அடிக்க வருகிறவள் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அவள் கை ஓங்கி யாரும் பார்த்ததில்லை.

இளம் வயதில், தன்னை எதற்காவது பயன்படுத்தும்படி ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். பாட்டுக் குழுவில் குரல் எடுபடவில்லை, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் அடங்கவில்லை. கடைசியில் இந்த வேலை கிடைத்தது. யாரும் தொட விரும்பாத கால்களை மடியில் தூக்கி வைத்துப் பார்க்கும் வேலை. இதற்குத்தான் அனுப்பப்பட்டேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதைச் சந்தேகப்பட்டதும் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன் கணவர் இறந்தார். அதற்குப் பிறகு ஜெபம் வறண்டுவிட்டது. எடுக்காத போனுக்கு அடித்துக்கொண்டிருப்பது போல, காலையில் கட்டிலோரம் முழங்கால் போடுவாள், சொல்ல வேண்டியதைச் சொல்வாள், எழுந்து போவாள். அந்தப் பக்கம் அரவமே இருக்காது. ஆனாலும் ஒரு நாள் விட்டதில்லை. சாப்பாடு ருசிக்கவில்லை என்பதற்காகச் சாப்பிடாமலா இருக்கிறோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

கண்டக்டர் அவளிடம் வந்தது போன வருஷம். முப்பத்து நான்கு வருஷம் பேருந்தில் நின்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பாதமும் மரத்திருந்தன. பட்டறைக்குள் வரும்போதே, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிறைய இடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார். வரிசையில் இருந்த நோயாளிகள் சிரித்துவிடுவார்கள்.

அவருடைய முதல் ஜோடி முடிந்த நாளில் அவள் வலது கை விரல்களில் கட்டு போட்டிருந்தாள். முந்தின நாள் ரப்பர் வெட்டும்போது கத்தி வழுக்கிவிட்டது. கட்டோடு கையை உள்ளே விட்டால் ஒன்றும் தெரியாது. இடது கையை விட்டிருக்கலாம். பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கலாம். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். செருப்பை மாட்டிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"கடிக்குதா சார்?"

"மெத்தை மாதிரி இருக்கும்மா. இதப் போட்டுக்கிட்டு தூங்கக்கூட செய்யலாம்."

அந்தப் பதிலுக்கு எந்த மதிப்பும் இல்லை என்று உலகத்தில் யாருக்காவது தெரியுமென்றால் அது அவளுக்குத்தான். ஆனாலும் அதை வாங்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

பதினோரு நாள் கழித்து, அறையில் என்ன வாடை என்று கண்டக்டரின் மகள் தேடியிருக்கிறாள். அவர் பாதத்தில் புண் அழுகியிருந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மகள் நகலெடுக்கும் கடையில் வேலை பார்க்கிறவள், ஒரே பிள்ளை. அவள்தான் அந்த வலது செருப்பை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"புதுசாவே இருக்குக்கா. யாருக்காவது ஆகும், வெச்சுக்கங்க."

அவள் போன பிறகு செருப்பக்கா உள்ளே கையை விட்டாள். கட்டு அவிழ்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்ன ஆணி. செருப்பின் மேல்தோலை மரக் கால் அச்சில் இழுத்துப் பிடிக்க அடிப்பது, பசை காய்ந்ததும் பிடுங்கிவிட வேண்டியது. பிடுங்கவில்லை.

மருத்துவக் கோப்பில் சர்க்கரை என்று எழுதியிருந்தார்கள். சர்க்கரையின் மேல் பழி போட்டால் அது மறுத்துப் பேசப்போவதில்லை. ஆணி அவளுக்கு மட்டும் தெரியும். இரண்டு நாள் தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் டாக்டரிடம் போனாள். டாக்டர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆணியை மேஜைமேல் உருட்டிப் பார்த்தாள்.

"நிர்வாகத்துக்கு நான் எழுதறேன்க்கா. ஆனா அவர்கிட்ட இப்ப சொல்லாதீங்க."

"சொல்லாம எப்படி டாக்டர்?"

"இன்னொரு கால் இருக்கு. மொத்த பாரமும் இனி அதுலதான். அதுக்குப் புதுச் செருப்பு வேணும், அது உங்க கையாலதான் ஆகணும். சொன்னா போடுவாரா? போடலன்னா அந்தக் காலும் ஒரு வருஷம் தாங்காது."

காலையில் கட்டிலோரத்தில், சொல்லட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் அரவமே இல்லை.

இடது செருப்பை ஐந்து நாள் எடுத்துச் செய்தாள். ஆணிகளை மூன்று முறை எண்ணினாள். கண்டக்டர் கோல்களை ஊன்றிக்கொண்டு மகளோடு வந்து உட்கார்ந்தார். மெலிந்திருந்தார், ஆனால் வாய் மட்டும் மெலியவில்லை.

"ஒத்தக் காலுக்குப் பாதி டிக்கெட்தானேம்மா?"

அவள் செருப்பை மாட்டினாள். பட்டைகளை ஒட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்குச் சாமி பூதம் எல்லாம் கெடையாது. ஆனா உங்கள யாரோ எனக்குன்னு அனுப்பி வெச்ச மாதிரி இருக்கு" என்றார்.

அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் ஒருவேளை வாயைத் திறந்திருக்க மாட்டாள். தரையில் உட்கார்ந்தபடியே, அவர் காலைப் பிடித்தபடியே, சொல்லிவிட்டாள். கட்டுப் போட்ட கை, கேட்கக் கூடாத கேள்வி, ஆணி, பதினோரு நாள். ஒன்றையும் விடவில்லை.

கண்டக்டர் சுவரில் இருந்த கால் அச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கழட்டு."

அதுவரை நீங்கள் என்றுதான் பேசியிருந்தார்.

மகள் பையிலிருந்து குளியலறை ரப்பர் செருப்பை எடுத்து அவர் காலில் மாட்டினாள். இருவரும் போய்விட்டார்கள். புதுச் செருப்பு செருப்பக்காவின் மடியிலேயே கிடந்தது.

"இப்ப உங்க மனசு லேசாயிடுச்சு. அவர் கால்?" என்று கேட்டாள் டாக்டர்.

மனசும் லேசாகவில்லை. உண்மையைச் சொன்னால் விடுதலை என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். சொல்லிப் பார்த்தால் பாரம் இறங்கவில்லை, பாதியை அவர் தலையிலும் ஏற்றி வைத்ததுதான் மிச்சம். நிர்வாகம் ஒரு கடிதம் கொடுத்தது. இனி அவள் முடிக்கிற ஒவ்வொரு செருப்பையும் பக்கத்து அறைப் பெண் கைவிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்தாள். "நல்லா பாரும்மா" என்று இவளே சொல்வாள்.

வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு ஞாயிறு முழுக்க யோசித்தாள். ஆலயத்தில் எல்லோரும் எழுந்து பாடியபோது உதடு மட்டும் அசைந்தது. விட்டுவிட்டால் யாருக்கு லாபம்? வரிசையில் நிற்கிற கால்கள் நின்றுகொண்டுதான் இருக்கும்.

அடுத்த செவ்வாய், வேலை முடிந்ததும், அந்தப் புதுச் செருப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனாள். நான்காவது மாடி. லிஃப்டுக்குள் யாரோ சாவியால் கீறிய கோடுகள். மகள் கதவைப் பாதி திறந்தாள்.

"அப்பா பார்க்க மாட்டாராம்க்கா."

"பரவாயில்லம்மா. அவர் போட்டுக்கிற செருப்ப மட்டும் ஒரு தரம் காட்டு."

கதவுக்கு உள்ளே, மிதியடியின்மேல் ஒற்றையாகக் கிடந்தது அந்த ரப்பர் செருப்பு. அவர் மதியம் கீழே இறங்கி முன்வாசல் வரை போய்வருவார், திரும்பியதும் அங்கே விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போய்விடுவார். செருப்பக்கா கதவருகே குந்தி உட்கார்ந்து அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே அமுங்கியிருக்கிறது. வெளிவிளிம்பு சரிந்திருந்தது. கைப்பையிலிருந்த ஒரு துண்டு ரப்பரை ஒட்டிச் சமன் செய்து வைத்துவிட்டு, புதுச் செருப்பை வெளியே எடுக்காமலே இறங்கினாள்.

அடுத்த செவ்வாயும் போனாள். அதற்கடுத்த செவ்வாயும்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

"யாரு, ஆணியம்மாவா?"

"நான்தான் சார்."

"செருப்புக்கு என்ன வியாதி இன்னிக்கு? சளியா?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். செருப்பக்கா வேலையைப் பார்ப்பாள்.

"ஏம்மா, உங்க ஆண்டவர் இந்த ரூட்ல வர்றதே இல்லையா? உன்ன மட்டும் அனுப்பிட்டு அவர் எங்க போனார்?"

அதே கேள்வி அவளிடமும் இருந்தது. "தெரியல சார்" என்றாள்.

அந்தப் பக்கம் கட்டில் மட்டும் கிறீச்சிட்டது. ஒரு வேத வசனத்தை எதிர்பார்த்து, அதைத் திருப்பி அடிக்கத் தயாராக இருந்தவர் போலிருக்கிறது.

மழைக்காலம் வந்து போனது. பதினாறு செவ்வாய் ஆகிவிட்டது. இது மனந்திரும்புதலா, வெறும் பிடிவாதமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவரைத் துன்பப்படுத்தத்தான் போகிறோமோ என்றுகூடத் தோன்றியது. போகட்டுமா, நிற்கட்டுமா என்று ஜெபத்தில் கேட்டாள். பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் தவறாமல் வந்தது.

பதினேழாவது செவ்வாய், செருப்புக்குள் விரலை ஓட்டினாள். பெருவிரல் பதிகிற பள்ளம் ஈரமாக இருந்தது. தண்ணீர் என்றால் எங்கும் ஒரே மாதிரி இருந்திருக்கும். இது ஒரே இடத்தில், பிசுபிசுப்பாக இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏம்மா, அப்பா கால இப்பவே பாரு. அடிப்பக்கம், பெருவிரல்கிட்ட."

"அப்பா, கால ஒரு நிமிஷம் காட்டுங்க."

"எதுக்கு? ஒண்ணும் வலிக்கல."

செருப்பக்கா எழுந்தாள். பதினேழு வாரத்தில் முதல் தடவையாக வாசலைத் தாண்டி, கட்டிலருகே போய் நின்றாள். அவள் குரல் உயர்ந்ததை அன்றுதான் அவர்கள் கேட்டார்கள்.

"வலிக்கலைங்கறதாலதான் சார் சொல்றேன். வலிச்சா நீங்களே பார்த்துக்குவீங்க, நான் எதுக்கு?"

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். வெளியே போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மகள் அதற்குள் போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து அவரும் தலையைத் தூக்கிப் பாதத்தைப் பார்த்தார்.

பெருவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் நான்கு நாள் போயிருந்தால் தப்பியிருக்காது என்று டாக்டர் சொன்னாள். அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. நல்ல செருப்பு போட்டிருந்தால் விரலும் இருந்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அன்று மாலை செருப்பக்கா ஆலயத்துப் பின்பெஞ்சில் உட்கார்ந்து நன்றி சொல்ல முயன்றாள். பாதத்துக்காகவா, விரலுக்காகவா என்று குழம்பிப்போய், சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள்.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலை, வரிசை தொடங்குமுன், மகள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள். கண்டக்டர் யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை. மகளைப் பார்த்து, "நீ வெளிய இரு" என்றார்.

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல சார்."

"தெனமும் காலைல எழுந்து, இல்லாத கால கீழ வைக்கப் போவேன். அப்ப உன்னத் திட்டுவேன். வாய் விட்டே திட்டுவேன்."

"திட்டுங்க சார்."

"ஒரு நாள் விடறதில்ல. உனக்கு உன் ஜெபம், எனக்கு என் ஜெபம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் குனிந்துகொண்டாள். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளைக்கு இப்படி வீட்டுக்கு வர்றதா உத்தேசம்?"

"கால் இருக்கிற வரைக்கும்."

"இதுவும் போயிடுச்சுன்னா?"

அப்படியெல்லாம் ஆகாது என்று அவள் சொல்லவில்லை. ஆகும் என்று இருவருக்கும் தெரிந்த வயதுதான்.

"நாற்காலியிலயே உட்கார்ந்திருந்தா உட்காருற இடம் புண்ணாகும் சார். அதுக்கு மெத்தையும் நான்தான் வெட்டறேன்."

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இறங்க மாட்டேங்கற" என்றார். பாராட்டா, சலிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"பழைய அளவு இனிமே சரிப்படாது சார். புதுசா எடுக்கணும்."

அவர் காலை முன்னால் நீட்டினார். அவள் தரையில் வெள்ளைத் தாளை விரித்து, பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் வைத்தாள். குதிகாலில் தொடங்கி பென்சிலை ஓட்டினாள். சுண்டுவிரல், அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று சின்னச் சின்ன வளைவாக ஏறி இறங்கி வந்த கோடு, கடைசியில் வளைவதற்கு ஒன்றுமில்லாமல் நேராக இறங்கியது.

"சின்னதாயிடுச்சு" என்றார் அவர், தாளைப் பார்த்து.

"ஆமா சார்" என்றாள் அவள். "கொஞ்சம் அழுத்தி வைங்க."