என் பெயர் ஒட்டிய டப்பா

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பொய்யே சொன்னதில்லை என்று பெருமை பேசுவேன். ஒரு முறை சொன்னேன்.

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்கு ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி ஓயாமல் வந்தாள். ரத்தம் எடுத்தாள், எச்சில் எடுத்தாள், பிறகு சிறுநீருக்கு என் பெயர் ஒட்டிய டப்பா ஒன்றை நீட்டினாள். எனக்கு எரிச்சல். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து சுருண்டு படுத்திருந்த மருமகளை எழுப்பி, அவளுடையதை நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள்.

"இன்னும் இன்னாம்மா வோணும்? உசுரா?"

"ஒரே உடம்புல எது கூடினா எது கூடும்னு கம்ப்யூட்டர்ல வலை மாதிரி ஒரு கணக்கு வெச்சிருக்கோம் பாட்டி. அதுல உங்க ரத்தமும் எச்சிலும் பொருந்துது. யூரின் மட்டும் பொருந்தல. இது வேற ஆளோடது. அவங்களுக்குக் கிட்னி கெட்டுக்கிட்டு வருது."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "சூப்பர்வைசர் லைனை வுட்டு நவுர வுட மாட்டான் அத்தை. பாத்ரூம் வரக்கூடாதுன்னு தண்ணியே குடிக்கறதில்ல."

அவளைத்தான் நான் தினமும் சோம்பேறி என்று ஏசினேன். வைத்தியம் பார்த்து இப்போது தேறிவிட்டாள். மன்னிப்பு மட்டும் என் வாயில் வரவில்லை. அதனால்தான் எழுத்துக் கூட்டி இதை எழுதி, பேத்தி கையில் கொடுக்கிறேன்.

இந்தா கண்ணு, படிச்சிக் காட்டு. அடுப்படியில கீற உங்கம்மாவுக்குக் கேக்கணும், சத்தமாப் படி.