வாண்டில்லாவின் மேவிஸ்

ஆஸ்திரேலியாவின் மரமே இல்லாத செம்மண் சமவெளியில், தண்டவாளம் பராமரிக்கிறவர்களுக்காக ரயில்வே கட்டிக்கொடுத்த ஆறு வீடுகள்தான் வாண்டில்லா. கல்யாணமான புதிதில் அங்கே வந்திறங்கிய மேவிஸ் ட்ரெலோர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஊர் எங்கே?" என்று கணவன் க்ளெமைக் கேட்டாள்.

"நீ நிக்கிறியே, அதுதான்."

அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. ஆனால் ஊரை விட்டுப் போகவும் இல்லை.

பல வருஷம் பொய்த்த மழை ஒரு பிப்ரவரியில் கொட்டித் தீர்த்தது. ஊருக்கு இருபுறமும் தண்டவாளத்தின் அடிமண் அரித்துக்கொண்டு போக, பயணிகள் ரயில் ஒன்று வாண்டில்லாவில் மாட்டிக்கொண்டது. பாதையைச் சரிசெய்ய ஆண்கள் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். ரயிலில் நூறு பேருக்கு மேல். மறுநாளே அதன் சமையல்கட்டு காலி.

மேவிஸ் வீடு வீடாகப் போனாள். "மாவு, கறி, உருளைக்கிழங்கு, எது இருந்தாலும் என் அடுப்படிக்குக் கொண்டாங்கடி."

"அப்போ நம்ம பிள்ளைங்க?" என்றாள் பக்கத்து வீட்டு ப்ரைடி.

"எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடட்டும். ஆளுக்குப் பாதி வயிறுன்னா எல்லாருக்கும் பாதி வயிறு."

கோட்டு போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். "அம்மா, நான் முதல் வகுப்பு. எங்களுக்குத் தனியா ஏற்பாடு பண்ணணும்."

மேவிஸ் அவர் கையில் கத்தியைக் கொடுத்தாள். "பண்ணிட்டேன் சார். அந்தக் கிழங்கு மூட்டை உங்களுக்குன்னே தனியா வெச்சிருக்கேன். தோலைச் சீவிக் குடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முகம் சிவந்துபோன மனிதர் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தோலோடு பாதிக் கிழங்கும் போனது. பாதை சரியாகும்வரை ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து நன்றி சொல்ல ஒரு ரயில்வே அதிகாரி வந்தார். "உங்களுக்கு ஒரு வெள்ளித் தட்டு குடுக்கலாம்னு இருக்கோம்."

"தட்டு இருக்கு சார். டீச்சர்தான் இல்ல. பிள்ளைங்களுக்குப் பாடம் தபால்ல வருது. சந்தேகத்தை யார்கிட்ட கேக்கறது?"

"பத்துப் பிள்ளைங்களாவது வேணுமேம்மா. ஒன்பதுதானே இருக்கு?"

"ப்ரைடி, கொஞ்சம் வெளியே வாடி!"

நிறைமாத வயிற்றோடு ப்ரைடி வந்து நின்றாள். அதிகாரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. குளிர்காலத்துக்குள் பழைய ரயில்பெட்டி ஒன்று பள்ளிக்கூடமாக வந்திறங்கியது, டீச்சரோடு.

பின்னாளில் தண்டவாள வேலைக்கு இயந்திரங்கள் வந்துவிட, வாண்டில்லாவை ரயில்வே மூடியது. மேவிஸும் க்ளெமும் போர்ட் அகஸ்டா நகரத்தில் குடியேறினார்கள். முதல் வாரமே அவள் தெரு முழுக்கக் கதவைத் தட்டினாள்.

"ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள் ஒரு வீட்டுக்காரி.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. உனக்கு ஏதாவது வேணுமான்னு கேக்கத்தான் வந்தேன்."