படகுக்காரர் இடம் மாற்றி உட்கார வைத்தார்

நான் பொன்னேரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும், நாலு பேர் எதிரில் மனைவி பக்கத்தில் உட்காரக் கூச்சப்படுவேன்.

போன காணும் பொங்கலுக்கு எங்கள் தெருவில் ஐந்து தம்பதிகள் சேர்ந்து, பழவேற்காடு ஏரியில் பூநாரை பார்க்கப் படகு அமர்த்தினோம். பிள்ளைகளை விட்டுவிட்டு ஜோடியாக மட்டும் போக வேண்டும் என்பது பெண்களின் ஏற்பாடு. ஆனால் படகில் ஏறியதும் வழக்கம்போல் ஆண்கள் வலப்பக்கமும் பெண்கள் இடப்பக்கமுமாக உட்கார்ந்துவிட்டோம். டிரான்சிஸ்டரில் பாட்டு, கையில் வடை, ஒரே சிரிப்பு.

திடீரென்று எங்கள் பக்கம் பூநாரைகள் கூட்டமாக எழும்பின. அதைப் பார்க்கப் பெண்கள் எல்லோரும் எழுந்து எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. என் மனைவி தடுமாறி விளிம்பில் சரிந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. இரண்டு கையாலும் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

படகுக்காரர் கத்தினார்: "குந்துங்க! அல்லாரும் ஒரே பக்கம் வந்தா படகு சாயாம இன்னா பண்ணும்? அவங்கவங்க சம்சாரத்த இட்டுக்கினு ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா பிரிஞ்சி குந்து நைனா!"

படகு நிமிர்ந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

"போதும், விடுங்க. அல்லாரும் பாக்கறாங்க" என்று மனைவி சிரித்தாள்.

இப்போது எங்கே போனாலும் அவள் பக்கத்தில்தான் உட்காருகிறேன். கல்யாணப் பந்தியில் யாராவது கேலி செய்தால், "பாரம் சரியா இருக்கணும் இல்ல?" என்று அவளே பதில் சொல்லிவிடுகிறாள்.