பறக்கிற சக்தி

எங்கள் படையில் மூன்றே பேர். அக்கா, நான், தம்பி. சக்திகளும் மூன்று: பறப்பது, மறைவது, மலையைத் தூக்குவது. ஞாயிறுதோறும் ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டைகளை உருட்டிப் பங்கிடுவோம். மற்ற இரண்டும் எனக்கும் தம்பிக்கும் மாறி மாறி வரும். பறப்பது மட்டும் எப்படியோ அக்காவிடமே போய்ச் சேரும். கொட்டையைத் தேய்த்தவள் அவள்தானே.

பறப்பது என்றால், கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கொல்லைப் புளியமரத்தின் உச்சிக்குப் போவது. அங்கிருந்துதான் ஆலங்காயத்திலிருந்து மலையேறும் பஸ் தெரியும். அது எந்த வளைவில் வருகிறதென்று அக்கா மேலிருந்து சொல்வாள். அண்ணாந்து நிற்கும் எனக்குக் கழுத்து வலிக்கும், வயிறு எரியும்.

வருகிற வருஷம் அதே பஸ்ஸில் அவள் ஆலங்காயம் பள்ளிக்கூடத்துக்கும் போவதாக இருந்தாள். அதற்குள் பெரியவளானாள். மாமா பச்சைத் தழை வெட்டிவந்து மரத்துக்குச் சற்றுத் தள்ளிக் குடிசை போட்டார். தனித் தட்டு, புதுப் பாவாடை, நல்லெண்ணெயில் மிதக்கும் உளுந்தங்களி. படைக்கென்று ஒரு கோட்டை கட்டி, அதையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாமே உனக்குத்தானா? பறக்கறதையாச்சும் குடு" என்றேன், தள்ளி நின்று.

"எடுத்துக்கடி. துண்டு கொடியில கீது."

"அப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"அப்ப உனக்கு இன்னா சக்தி?" என்றான் தம்பி.

"மறையறது."

அந்த வாரம் மறைவது என்னுடையது. அதையும் எடுத்துக்கொண்டாளே என்று கறுவிக்கொண்டேதான் மரமேறினேன்.

"பஸ்ஸு எங்க வர்துடி?" தழைக்குள்ளிருந்து குரல் வந்தது.

மூன்றாவது வளைவில், வெயிலில் மினுங்கியபடி வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் தெரியல."

"நல்லாப் பாரு."

"பாத்தாச்சு. வெறும் மலதான்."

சற்று நேரத்தில் கீழே ஹாரன் அடித்தது. சக்தியைத் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று இருட்டும்வரை நான் இறங்கவில்லை.

அக்கா அந்தப் பஸ்ஸில் ஏறியது கல்யாணமாகிப் போகும்போதுதான். அது முடிந்த அடுத்த மாதமே அதே இடத்தில் எனக்கும் தழை வெட்டிப் போட்டார்கள். மரத்தின் மேல் தம்பி. நான் கேட்கவில்லை. அவனாகவே கத்திக்கொண்டிருந்தான்.

"மொத வளைவு... யக்கா, ரெண்டாவது திரும்பிட்டான்... மூணாவது..."

எனக்குக் களி இறங்கவில்லை.